சுவரோடு சேர்ந்த மரப்பெஞ்சு நான்கே வருடத்தில் மக்கிவிட்டது. மறுபடி எப்படிக் கட்டுவது?

சிறுமுற்றம்

வணக்கம். எங்கள் பின்முற்றம் 3 மீட்டருக்கு 2.4 மீட்டர். இரண்டு பக்கம் சுவர், மேலே கூரை கிடையாது. அந்த இரு சுவர்களையும் ஒட்டி எல் வடிவில் ஒரு பெஞ்சு கட்டியிருந்தேன். பைன் மரம். பின்சட்டத்தை நேராகச் சுவரில் வைத்து முடுக்கினேன். முன்பக்கம் தரைவரை பலகை அடித்துப் பெட்டி மாதிரி மூடினேன். மேலே நிறமில்லாத வார்னிஷ், மூன்று பூச்சு. போன வாரம் அப்பா உட்கார்ந்தபோது பின்பக்கம் அப்படியே இறங்கிவிட்டது. நல்லவேளை, அடிபடவில்லை.

பிரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் புரியவில்லை. உட்காரும் பலகைகள்தான் வெயிலையும் மழையையும் நேராக வாங்கியவை. அவை நரைத்திருக்கின்றன, வார்னிஷ் உரிந்திருக்கிறது, ஆனால் திடமாக இருக்கின்றன. உளியால் குத்தினால் இறங்கவில்லை. மழையே நேராகப் படாத பின்சட்டமும், கால்களின் அடியும், பெட்டியின் உள்மூலைகளும்தான் விரலால் கிள்ளினாலே பிய்ந்து வருகின்றன.

இந்த முறை நல்ல மரம் வாங்கினால் போதுமா, கட்டும் விதத்தையே மாற்ற வேண்டுமா? டிரில், ரூட்டர், வட்ட ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் இருக்கின்றன. அவசரமும் இல்லை. இன்னொரு முறை பிரிக்கும்படி ஆகக் கூடாது, அவ்வளவுதான்.

இழைப்புளி

தம்பி, நீங்கள் பிரித்துப் பார்த்ததிலேயே பதில் கிடைத்துவிட்டது. மேல்பலகை நனைந்தது, காற்று வாங்கியது, காய்ந்தது. பின்சட்டமும் நனைந்தது, ஆனால் காய வழியில்லை. சுவர் வழியே இறங்கிய தண்ணீர் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய ஏடாக நின்றிருக்கும். அங்கே வெயிலும் போகாது, காற்றும் போகாது.

மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. மரத்தில் உள்ள ஈரம், அதன் காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. 28, 30 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் வேகமாகத் தின்னும். மழையில் மேல்பலகையின் தோல் நனையும், அடுத்த வெயிலில் இறங்கிவிடும். மூடிய மூலையில் ஒரு மழையின் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். அது போவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

ஆகவே முதலில் கட்டும் விதம், அப்புறம்தான் மரம். சுவரைத் தொடாதே, தரையைத் தொடாதே, மரமும் மரமும் பரப்பாக ஒட்டும் இடத்தைக் குறை. இந்த மூன்றையும் செய்துவிட்டு வாருங்கள், மரம் பற்றிப் பேசுவோம்.

கணுமரம்

அண்ணா, தேக்கு வாங்கிவிட்டால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லையே? கப்பல் மேல்தளத்துக்கே தேக்குதானே போடுகிறார்கள்.

இழைப்புளி

போடுகிறார்கள். தேக்கின் நடுமரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது, பூஞ்சைக்கும் கரையானுக்கும் பிடிக்காத பொருள்கள் இருக்கின்றன. ஈரம் மாறும்போது அது அதிகம் கோணுவதும் இல்லை. ஆனால் நான் சொல்வது வைரம் பாய்ந்த பகுதியைப் பற்றி. அதைச் சுற்றியிருக்கும் வெளிறு, அந்த வெளுத்த வெளிப்பகுதி இருக்கிறதே, அது தேக்கில் இருந்தாலும் எந்த மரத்தில் இருந்தாலும் வெளியில் நிற்காது. மரம் உயிரோடு இருக்கும்போது நீரும் சத்தும் ஓடும் பகுதி அது. பூஞ்சைக்கும் அதே சத்துதான் உணவு. வேகமாக வளர்த்துச் சீக்கிரம் வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிறு நிறைய இருக்கும். அதில் உள்ள வைரமும் முதிர்ந்த மரத்தின் வைரம் அளவுக்கு உழைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு பலகையையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். விளிம்பில் வெளுத்த கோடு இருந்தால் அதை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் அகலம் உங்களுக்குப் போதுமா என்று பாருங்கள்.

ஐரோப்பியத் தரநிலையான இஎன் 350, மரங்களின் இயல்பான தாங்கும் திறனை 1 முதல் 5 வரை வகுக்கிறது. 1 என்றால் மிக நன்றாகத் தாங்கும், 5 என்றால் தாங்கவே தாங்காது. அந்த எண்ணெல்லாம் வைரத்துக்குத்தான். வெளிறு எந்த மரத்துடையதானாலும் 5 என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.

வேங்கை, இலுப்பை, வெள்ளை ஓக், இவற்றின் வைரமெல்லாம் வெளியில் நன்றாக உழைக்கும். ஓக்கில் ஒரு எச்சரிக்கை. வெள்ளை ஓக்கின் துளைகள் உள்ளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், தண்ணீர் ஏறாது. சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை. அதன் சிறு துண்டை ஒரு முனையில் ஊதினால் தண்ணீரில் வைத்த மறுமுனையில் குமிழி வரும். பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் சிவப்பு ஓக்கை வெளியில் வைக்கக் கூடாது. ரப்பர் மரம், மாமரம் இரண்டையும் இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

பழைய கதவு, நிலை, உத்திரம் கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்து அடங்கிய மரம். உள்ளே ஆணி ஒளிந்திருக்கும், அறுப்பதற்கு முன் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள்.

நிழல்தேடி

மருந்து ஏற்றிய பைன் போதாதா? எல்லோராலும் தேக்கு வாங்க முடியாதே. நான் அதில்தான் கட்டினேன், ஒன்பது வருடமாக உறுதியாக நிற்கிறது.

இழைப்புளி

தாராளமாகப் போதும் அம்மா. அழுத்தத்தில் மருந்து ஏற்றும்போது வெளிறுதான் அதை நன்றாகக் குடிக்கும், வைரம் அவ்வளவாகக் குடிக்காது. அதனால் பைன் மாதிரி வெளிறு அதிகமுள்ள மரத்துக்கு அந்த முறை பொருத்தம். ஆனால் நீளத்துக்கு வெட்டியவுடன் மருந்தில்லாத உள்பகுதி வெளியே வந்துவிடும். வெட்டிய ஒவ்வொரு முனைக்கும், போட்ட ஒவ்வொரு துளைக்கும் தூரிகையால் மறுபடி மருந்து தொட வேண்டும். பலர் விடுவது இதைத்தான். வெட்டும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள். இப்போது வரும் மருந்துகளில் செம்பு அதிகம், சாதாரண ஸ்குரூவைச் சீக்கிரம் அரித்துவிடும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) அல்லது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததுதான் தாங்கும்.

ரசமட்டம்

நான் கட்டுமானப் பக்கம். மரவேலை தெரியாது, ஆனால் சுவரும் தரையும் என் வேலை. பெஞ்சைக் காப்பாற்றப் போய் வீட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முற்றத்தின் தரை மட்டமாக இருக்காது, இருக்கவும் கூடாது. மழைநீர் ஓட 80க்கு 1 அல்லது 100க்கு 1 என்று சரிவு கொடுத்திருப்பார்கள். 3 மீட்டர் நீளத்தில் 30 முதல் 37 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எல்லாக் கால்களையும் ஒரே நீளத்துக்கு அறுத்தால் பெஞ்சு சாயும். ஒரு நூலைச் சுவரோரம் மட்டமாகக் கட்டி, ஒவ்வொரு கால் வரும் இடத்திலும் நூலிலிருந்து தரைக்கு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதன் குறுக்கே எந்தச் சட்டமும் தரையில் கிடக்கக் கூடாது. உங்கள் பழைய பெட்டியின் முன்பலகை ஒரு சிறு அணையாக வேலை செய்திருக்கும்.

கீழே அறை இருந்து, அதன் தளத்தின் மேல்தான் இந்த முற்றம் என்றால் தரையில் ஒரு துளைகூடப் போடாதீர்கள். உள்ளே நீர்த்தடுப்புப் படலம் இருக்கும். ஒரு ஸ்குரூ அதைக் கிழித்தால் கீழ் அறையின் கூரையில் கசிவு தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் தண்ணீர் எங்கெங்கோ பரவியிருக்கும்.

சுவரிலும் அப்படித்தான். தரையிலிருந்து ஓரளவு உயரத்தில் ஈரம் மேலே ஏறாமலிருக்க ஒரு தடுப்பு அடுக்கு போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே துளையிடாதீர்கள். என் யோசனை, பெஞ்சு தன் கால்களிலேயே முழுப் பாரத்தையும் தாங்கி நிற்கட்டும். சுவரோடு பிடிப்பு பின்னால் கவிழாமலிருக்க மட்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு இரண்டு இடத்தில். உள்ளீடற்ற செங்கல்லாக இருந்தால் சுவர்த்துளையில் செருகி முடுக்கும் சாதாரண ஆங்கர் பிடிக்காது, வலைக்கூடு வைத்து ரசாயனப் பசை ஊற்றும் வகைதான் பிடிக்கும்.

சிறுமுற்றம்

ஐயா, நீங்கள் சொன்னது போலவே நூல் கட்டி அளந்தேன். ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 32 மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய பெஞ்சில் தாழ்வான பக்கத்துக் கால்களுக்கு அடியில் மரச்சிம்பு சொருகியிருந்தேன். முதலில் மக்கியது அவைதான். கீழே அறை இல்லை, மண்தான். ஆனாலும் தரையில் துளையிடப் போவதில்லை.

கால்களைக் கல் துண்டுமேல் வைத்தால் போதுமா?

இழைப்புளி

கல்மேல் வைத்தால் தரையில் ஓடும் நீர் படாது, சரி. ஆனால் மட்டமான மரமும் மட்டமான கல்லும் சேரும் இடத்தில் தண்ணீர் நிற்கும், காலின் வெட்டு முகம் அதைக் குடிக்கும். நார் ஓடும் திசையில் மரம் குழாய்க் கட்டு மாதிரி. பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக முனையில் குடிக்கும். காலுக்கும் கல்லுக்கும் நடுவே காலைவிடச் சிறிய கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். அல்லது எஸ்.எஸ். போல்ட்டில் நிற்கும் பாதம் போடுங்கள், சரிவுக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். தரைக்கும் மரத்துக்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் துடைப்பமும் போகும், காற்றும் போகும்.

காலின் அடியைப் பொருத்துவதற்கு முன் எபாக்ஸிப் பிசினில் நிறுத்துங்கள். ஒரு தட்டில் நீர்த்த எபாக்ஸி ஊற்றிக் காலை அதில் வைத்தால் தானாக உறிஞ்சும். உறிஞ்சுவது நிற்கும்வரை மேலே மேலே ஊற்றுங்கள். இரண்டாவதாக ஒரு பூச்சும் கொடுங்கள்.

நிழல்தேடி

எல்லோரும் தண்ணீர் பற்றியே பேசுகிறீர்கள், உட்காருவது பற்றியும் சொல்ல ஆசை. என் பெஞ்சு மழைக்கு நன்றாக நிற்கிறது, ஆனால் முதுகு வலிக்கிறது என்று யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. சாய்மானத்தைச் சுவர் மாதிரி நேராக நிறுத்தியதுதான் தவறு. இருக்கையின் ஆழத்தையும் 550 வைத்துவிட்டேன். முதுகு சாய்ந்தால் கால் தரையில் எட்டாது, கால் எட்டினால் முதுகு சாயாது. ஒன்பது வருடமாக அதைப் பார்த்து வருந்துகிறேன்.

மறுபடி கட்டினால் இப்படி வைப்பேன். உயரம் 430 முதல் 450 மில்லிமீட்டர், மெத்தை போடுவதென்றால் அது அமுங்கிய பிறகு உள்ள உயரம். ஆழம் 420 முதல் 450. சாய்மானம் செங்குத்திலிருந்து 10 முதல் 15 பாகை பின்னால். ஒருவருக்கு 550 அகலம். முன்னால் மேசை போட்டால் இருக்கைக்கும் மேசை மேல்பரப்புக்கும் நடுவே 280 முதல் 300. இருக்கைக்கு அடியில் குதிகால் பின்னால் போக இடம் வேண்டும். எழும்போது குதிகாலைப் பின்னுக்கு இழுத்துத்தான் எழுகிறோம். தரைவரை மூடிய பெட்டியில் அது முடியாது, வயதானவர்களுக்கு எழவே சிரமம்.

உங்கள் அப்பாவும் உட்காருவார் என்றீர்களே, அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அடியில் பலகை வைத்து உயர்த்தி, எந்த உயரத்தில் கை ஊன்றாமல் எழுகிறார் என்று பாருங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

சிறுமுற்றம்

அக்கா, செய்து பார்த்தேன். அப்பாவுக்கு 460தான் சௌகரியம். ஆகவே 460 என்று முடிவு செய்துவிட்டேன்.

இடக்கணக்கு இடிக்கிறது. சாய்மானத்தோடு ஆழம் 560 வருகிறது. இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில் 2.44க்கு 1.84 மீட்டர்தான் மிஞ்சும். நீளச் சுவருக்கு மட்டும் சாய்மானம், குறுகிய பக்கத்தில் சாய்மானம் இல்லாமல் 380 ஆழத்தில் ஒரு திண்ணை மாதிரி என்று யோசிக்கிறேன். மூலையில் இரண்டு பலகை வரிசையும் சேரும் இடத்தை 45 பாகையில் வெட்டிச் சேர்க்கலாமா? பார்க்க அழகாக இருக்கும்.

இழைப்புளி

வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் படச்சட்டத்துக்கு அது சரி. வெளியில் மரம் அகலத்தில் விரியும், சுருங்கும், நீளத்தில் கிட்டத்தட்ட மாறாது. அதனால் 45 பாகை அப்படியே நிற்காது. மரம் காய்ந்து சுருங்கும்போது மூட்டு உள்மூலைப் பக்கம் வாய் திறக்கும், ஊறி விரியும்போது வெளிமூலைப் பக்கம் திறக்கும். திறந்த வாயில் இரண்டு வெட்டு முகங்கள் தண்ணீர் குடிக்கத் தயாராக இருக்கும். மக்குவதற்கு நாமே இடம் செய்து கொடுத்தது போல ஆகிவிடும்.

நீளப் பக்கத்து வரிசையை மூலைவரை ஓட விடுங்கள். குறுகிய பக்கத்து வரிசை அதற்கு முன் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கட்டும். அவ்வளவு எளிமையான மூட்டுதான் வெளியில் நிலைக்கும்.

எவ்வளவு விரியும் என்று கேட்டால், 70 மில்லிமீட்டர் தேக்குப் பலகைக்குக் கோடைக்கும் மழைக்கும் நடுவே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 140 பலகை என்றால் அதைப் போல இரண்டு மடங்கு, அதோடு குழிந்தும் போகும், குழியில் தண்ணீர் நிற்கும். அதனால் இருக்கைக்கு அகலப் பலகை வேண்டாம், 60 முதல் 80க்குள் ரீப்பர்கள் போதும். நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி. 4க்குக் குறைந்தால் தண்ணீர்த் துளி இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும், காய்ந்த இலையும் சிக்கும். 8ஐத் தாண்டினால் சிறுபிள்ளைகள் விரல் மாட்டும்.

ரசமட்டம்

ரீப்பருக்குத் தாங்கல் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பலகை தொய்வது தாங்கல் தூரத்தின் முக்கனத்தோடு ஏறும். தூரத்தை இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்கு. தடிமனும் அப்படித்தான், இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்று. 28 மில்லிமீட்டர் தடிமன், 70 அகலம், 500க்கு ஒரு தாங்கல் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 100 கிலோ முழுவதும் ஒரே ரீப்பரின் நடுவில் ஏறினாலும் 2 மில்லிமீட்டர்தான் தொய்யும். உண்மையில் பாரம் நாலைந்து ரீப்பரில் பிரிந்துவிடும். அதே ரீப்பரை 900க்கு ஒரு தாங்கல் வைத்தால் தொய்வு 11ஐ நெருங்கும். உடையாது, ஆனால் உட்காரும்போது மனதுக்கு உறுதியாக இருக்காது.

கணுமரம்

சாய்ந்த துளை போட்டு முடுக்கும் ஜிக் இருக்கிறதே, அதை வைத்துச் சட்டத்தைச் சேர்த்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். துளையும் அதில் சொருகும் கழுந்தும் வெட்ட ஒரு வாரம் ஆகும்.

இழைப்புளி

தம்பி, அந்தத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் குற்றம் சொல்ல மாட்டேன். மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம்.

கழுந்திலும் அதே சிக்கல் உண்டு. அடி மூடிய துளைக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழியில்லை. அதனால் வெளிவேலைக்கு நான் துளையை மறுபக்கம் வரை வெட்டிவிடுவேன், அல்லது அடியில் 6 மில்லிமீட்டர் வடிதுளை ஒன்று போடுவேன். பசை, எபாக்ஸி அல்லது நீர் தாங்கும் டி4 வகை. தேக்கு என்றால் பசை போடுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது.

ஸ்குரூ எஸ்.எஸ். 304. கடலோரமாக இருந்தால் 316. சாதாரண இரும்பு, மின்முலாம் பூசிய மஞ்சள் ஸ்குரூ எதுவும் வேண்டாம். தேக்கிலும் ஓக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை ஓடும். எஸ்.எஸ். ஸ்குரூ மென்மையானது, முன்துளை போடாமல் முடுக்கினால் தலை முறிந்துவிடும். முன்துளை போட்டு, மெழுகில் தேய்த்து முடுக்குங்கள். முடிந்தால் ரீப்பர்களைக் கீழிருந்து பிடியுங்கள். மேலே துளை இல்லையென்றால் தண்ணீருக்கு வாசலும் இல்லை.

ஆளிவிதை

பூச்சு பற்றி யாரும் சொல்லவில்லை, அது என் பிரியமான விஷயம்.

நிறமில்லாத வார்னிஷ் ஏன் உரிந்தது? வெயிலின் புறஊதாக் கதிர் அதன் வழியாக ஊடுருவி, மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. வார்னிஷ் பிடித்துக்கொண்டிருந்த அந்த மேல்தோலே செத்துவிடுவதால் படலம் தனியாக நிற்கிறது. ஒரு முடி அளவு விரிசல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும், ஆனால் படலம் அதை வெளியே விடாது. படகுக்காரர்கள் ஆறேழு பூச்சு கொடுத்து, வருடா வருடம் தேய்த்து மேல்பூச்சு போடுகிறார்கள். அவ்வளவு உழைக்கத் தயார் என்றால் செய்யுங்கள். பார்க்க மிக அழகாகத்தான் இருக்கும்.

என் வழி எண்ணெய். உள்ளே ஊறும், படலம் கட்டாது, அதனால் உரிவதற்கு ஒன்றும் இல்லை. நிறமி கலந்ததாக வாங்குங்கள். நிறமிதான் வெயிலை மறிக்கிறது. சுத்த ஆளிவிதை எண்ணெயை மட்டும் வெளியில் பூசினால் கரும்பூசணம் அதையே தின்று வளரும். என் முதல் மேசை ஒரே மழைக்காலத்தில் கறுத்துவிட்டது. பூசணத்தடுப்பு சேர்த்தது வேண்டும். 'தேக்கு எண்ணெய்' என்ற பெயரில் வருவது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை, டங் போன்ற எண்ணெய்களை வார்னிஷோடும் கரைப்பானோடும் கலந்தது. அதைத் தேக்குக்குத்தான் பூச வேண்டும் என்றும் இல்லை.

பொருத்துவதற்கு முன்பே எல்லாத் துண்டுகளுக்கும் ஆறு பக்கமும் பூசிவிடுங்கள். பொருத்திய பிறகு அடிப்பக்கத்தை யாராலும் தொட முடியாது. கூர் விளிம்புகளை 3 மில்லிமீட்டர் உருட்டிவிடுங்கள், கூர்மையான விளிம்பில் பூச்சு நிற்காமல் வழிந்துவிடும்.

இதை மட்டும் மறக்கவே கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருண்ட துணியில் அந்தச் சூடு சேர்ந்து தானே தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடிய தகர டப்பாவில் போடுங்கள்.

இழைப்புளி

ஆளிவிதை அம்மா சொன்னதெல்லாம் சரி, ஆனால் நல்ல வைரமுள்ள தேக்கு என்றால் ஒன்றுமே பூசாமலும் விடலாம். வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்தச் சாம்பல் ஒரு மில்லிமீட்டர்கூட ஆழம் போகாது, உள்ளே மரம் அப்படியே இருக்கும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.

ஆளிவிதை

நிறம் எனக்கும் பிடிக்கும் ஐயா. ஆனால் பூசாத மரத்தில் முனைகள் வெடிக்கின்றன. முழுக்க விட்டாலும் வெட்டு முகங்களுக்கு மட்டுமாவது மெழுகோ எபாக்ஸியோ கொடுக்கச் சொல்லுங்கள்.

இழைப்புளி

அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

கணுமரம்

மரம் போதுமான அளவு காய்ந்ததா என்று மீட்டர் இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது?

ரசமட்டம்

பலகையின் நடுவிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டி எடை போடுங்கள். 103 பாகை செல்சியஸ் சூட்டில் எடை மேலும் குறையாத வரை வையுங்கள். முதல் எடையிலிருந்து கடைசி எடையைக் கழித்து, கடைசி எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். வெளிவேலைக்கு 12 முதல் 16க்குள் இருந்தால் நல்லது. முனையிலிருந்து வெட்டாதீர்கள், அது எப்போதும் காய்ந்தே இருக்கும், ஏமாற்றிவிடும்.

சிறுமுற்றம் (ஏழு வாரம் கழித்து)

பெஞ்சு நின்றுவிட்டது. ஒரு பழைய கட்டிடத்தின் உத்திரங்கள் கிடைத்தன, தேக்கு. வெளிறை அறுத்து நீக்கியபின் 70க்கு 28 ரீப்பர்கள் போதுமான அளவு வந்தன. சட்டங்கள் 70க்கு 45. அடிப்பக்கம் முழுக்கத் திறந்தது, பெட்டி இல்லை. பாதங்கள் எஸ்.எஸ். போல்ட்டில். சுவருக்கும் பின்சட்டத்துக்கும் 30 மில்லிமீட்டர், என் தூரிகை போகும் அளவு. முன் ரீப்பரின் அடியில் ரூட்டரால் ஒரு சிறு பள்ளக் கோடு ஓட்டினேன், தண்ணீர் அடிவழியே உள்ளே ஊர்ந்து போகாமல் அங்கேயே சொட்டிவிடுகிறது. மூலையை உட்காரும் இடமாக நினைக்காமல் விட்டேன். இரண்டு பேர் முழங்கால் இடிக்கும் இடம் அது. அங்கே ஒரு தட்டு வைக்கலாம், விளக்கு வைக்கலாம்.

மழைக்கு முன் ஒரு சோதனை செய்தேன். வெயில் சாய்ந்தபின் இரண்டு வாளித் தண்ணீரை மெதுவாக முழுப் பெஞ்சிலும் ஊற்றினேன். மறுநாள் காலை ஒவ்வொரு மூட்டிலும் காகிதத் துண்டைச் சொருகி ஈரம் பார்த்தேன். ரீப்பர்கள், கால்கள், பின்சட்டம் எல்லாம் காய்ந்திருந்தன. சாய்மானத் தூண் பின்சட்டத்தோடு சேரும் ஐந்து இடத்தில் மட்டும் காகிதம் நனைந்து வந்தது. அங்கே தடிமனில் பாதி பாதி வெட்டி, முகத்தோடு முகம் ஒட்டியிருந்தேன். உறுதிக்காகச் செய்தது.

இழைப்புளி

அந்தச் சோதனையை நான் இதுவரை யாரும் செய்து பார்த்ததில்லை தம்பி. நல்ல வேலை. பசை போட்டீர்களா அங்கே?

சிறுமுற்றம்

இல்லை அண்ணா, போல்ட் மட்டும்தான்.

இழைப்புளி

அப்படியானால் தப்பித்தீர்கள். கழற்றுங்கள். நடுவே 5 மில்லிமீட்டர் கெட்டிப் பிளாஸ்டிக் வளையம் வைத்து மறுபடி முடுக்குங்கள். முகங்கள் தொடக் கூடாது. தூணின் தலையையும் பாருங்கள், மட்டமாக இருந்தால் 15 பாகை சாய்த்து வெட்டி எபாக்ஸி தொடுங்கள். பாதி வெட்டியதில் தூணின் வலு குறைந்திருக்கும், அதனால் போல்ட் குறைந்தது இரண்டு இருக்கட்டும், 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல்.

நிழல்தேடி

மெத்தை போடுவீர்களா? போட்டால் இரவில் எடுத்துவிடுங்கள். என் பெஞ்சில் கறுத்த ஒரே இடம் மெத்தைக்கு அடியில்தான்.

சிறுமுற்றம் (மழைக்காலம் முடிந்து)

வளையம் வைத்தேன் அண்ணா, தூண் தலைகளையும் சாய்த்தேன். ஒரு ஈரமானி வாங்கி, தொடர்ந்து பதினொரு நாள் மழை பெய்து ஓய்ந்த மூன்றாம் நாள் குத்திப் பார்த்தேன். ரீப்பர்கள் 15, கால்களின் அடி 16, வளையம் வைத்த மூட்டுகள் 17. எங்கள் வீட்டு வாசற்கதவின் கீழ்ச்சட்டத்தையும் சும்மா குத்திப் பார்த்தேன், அது 24. தரையோடு உரசிக்கொண்டிருக்கிறது.

அக்கா, மெத்தை விஷயம் நீங்கள் சொன்னபடியே. ஒரு நாள் மறந்து விட்டதில் அடியில் இருந்த மூன்று ரீப்பர் 21 காட்டின. எடுத்து நிறுத்திய இரண்டாம் நாள் 16க்கு வந்தன. அப்பா மெத்தை இல்லாமலே உட்காருகிறார், 460 உயரத்தில் கை ஊன்றாமல் எழுகிறார்.

ஆளிவிதை

எண்ணெய் எப்படி இருக்கிறது?

சிறுமுற்றம்

தண்ணீர் தெளித்துப் பார்த்தேன் அக்கா. சாய்மானத்தில் முத்து முத்தாக நிற்கிறது. இருக்கையின் முன்விளிம்பில் மட்டும் உடனே ஊறிவிடுகிறது, எல்லோரும் கால் உரசும் இடம்.

ஆளிவிதை

அந்த விளிம்புக்கு மட்டும் இப்போதே ஒரு பூச்சு கொடுங்கள். மென்மையான தூரிகையும் லேசான சோப்பு நீரும் வைத்து நார் ஓடும் திசையில் கழுவி, நன்றாகக் காய விட்டு, 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், பிசுபிசுப்பாக நிற்கக் கூடாது. அழுத்தக் குழாயால் கழுவாதீர்கள், நாரின் மென்பகுதியை அரித்து வரிவரியாக்கிவிடும். மற்ற இடங்களை அடுத்த மழைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.

இழைப்புளி

அந்த வாசற்கதவை முதலில் கவனியுங்கள் தம்பி. கழற்றி அடியில் 8 மில்லிமீட்டர் இழைத்து, வெட்டு முகத்தில் எபாக்ஸி தொட்டுத் திரும்ப மாட்டுங்கள். 24 என்றால் இன்னும் மக்க ஆரம்பித்திருக்காது என்றே நினைக்கிறேன். உளியால் குத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிறுமுற்றம்

குத்தினேன் அண்ணா. உளி இறங்கவில்லை. நாளைக் காலை கழற்றுகிறேன்.